இந்தியரா, இந்திய நாட்டவரா? நாட்டு மக்களைத் தமிழில் குறிப்பது எப்படி

கேள்வி இது: ஜப்பானில் இருப்பவர் ஜப்பானியர், அமெரிக்காவில் இருப்பவர் அமெரிக்கர். பிரான்ஸில் இருப்பவர் மட்டும் ஏன் பிரெஞ்சுக்காரர்? தாய்லாந்துக்கு என்ன எழுதுவது? மலேசியரும் மலாய்க்காரரும் ஒன்றுதானா? இதற்கெல்லாம் விதி உண்டா, இல்லை காதுக்கு இசைந்ததை எழுதிவிட்டுப் போகலாமா?

விதி பாதி, வழக்கு பாதி. சொல்லை எப்படி ஆக்குவது என்பதற்கு ஓரளவு தெளிவான விதி இருக்கிறது. எந்தச் சொல்லை எங்கே போடுவது என்பதுதான் சிக்கல். அங்கே தவறினால் இலக்கணம் மட்டும் கெடுவதில்லை, ஒரு மனிதரின் குடியுரிமையே மாறிப்போகும். முதலில் சொல்லாக்கத்தைப் பார்த்துவிடுவோம்.

இடத்தை வைத்து ஆளுக்குப் பெயரிடுவது தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் உயர்திணைப் பெயர்களை வகைப்படுத்தும்போது நிலப்பெயரையும் ஒரு வகையாக வைக்கிறது. ஊரோடும் நாட்டோடும் அன், அர் சேர்த்து ஆளைக் குறிக்கும் அதே முறையைத்தான் வெளிநாட்டுப் பெயர்களுக்கும் இன்று நீட்டித்திருக்கிறோம்.

நாட்டின் பெயர் ஆகாரத்தில் முடிந்தால் அது குறுகி அர் சேரும். இந்தியா இந்தியர் ஆகிறது. ரஷ்யா ரஷ்யர், மலேசியா மலேசியர், சீனா சீனர், அமெரிக்கா அமெரிக்கர். இகரத்திலும் ஐகாரத்திலும் முடிந்தால் இடையில் யகரம் வரும்: இத்தாலியர், துருக்கியர், இலங்கையர். மெய்யில் முடியும் பெயர்கள் பெரும்பாலும் இயர் ஏற்கின்றன: ஜப்பானியர், ஈரானியர், வியட்நாமியர், பிரேசிலியர், ஈராக்கியர். எகிப்து தன் உகரத்தை விட்டு எகிப்தியர் ஆகிறது. மகரத்தில் முடியும் தேசம், அமீரகம் போன்றவை தமிழின் இயல்புப்படி அத்துச் சாரியை பெறும்: வங்கதேசத்தவர், அமீரகத்தவர். தீவு என்று முடிந்தால் தீவினர். சிங்கப்பூர் ஊர் என்று முடிவதால் நேராகச் சிங்கப்பூரர். அந்நாட்டுத் தமிழ்ச் செய்திகளில் நிலைத்த வடிவம் அதுதான்.

இந்த விதியை இயந்திரம்போலப் பொருத்தக் கூடாது. சீனாவுக்கு இயர் சேர்த்தால் சீனியர் என்றாகிப் பதவி மூப்பைக் குறிக்கும். போலந்தின் இறுதியைக் கழற்றிப் போலியர் என்று ஆக்கினால் ஒரு நாட்டு மக்களையே போலிகள் என்று சொன்னதாகிவிடும். தாய்லாந்து மக்களைத் தாயர் என்றால் அன்னையர் என்றுதான் காதில் விழும். அதனால்தான் போலந்தினர், தாய்லாந்தினர் என்று நாட்டுப் பெயரை முழுதாக வைத்து இனர் சேர்க்கிறோம். லாந்து என்று முடியும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்: ஃபின்லாந்தினர், ஐஸ்லாந்தினர், நியூசிலாந்தினர். பேச்சில் லாந்துக்காரர்.

ஓகாரத்தில் முடியும் பெயர்களும் இனர்தான் ஏற்கும்: மெக்சிகோவினர், மொராக்கோவினர். மெக்சிகர் என்றும் சிலர் எழுதுகிறார்கள். தவறில்லை, பழகவில்லை அவ்வளவே. மாலி, சாட், பெரு, கானா போன்ற குறும்பெயர்களில் எந்த ஒட்டும் சரியாக ஒட்டாது. பெரு என்பது தமிழில் பெரிய என்ற பொருளும் தரும். மாலி என்றால் தோட்டக்காரர் நினைவுக்கு வருவார். இங்கே யோசிக்காமல் பெரு நாட்டவர், மாலி நாட்டவர் என்று எழுதிவிடுங்கள்.

நாட்டவர் என்ற இந்த ஒட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த நாட்டோடும் சேரும், மரியாதை குறையாது, ஆண் பெண் பேதம் இல்லை, ஒருமைக்கும் பன்மைக்கும் நிற்கும், பொருள் மயக்கமும் தராது. கொஞ்சம் நீளம் என்பது ஒன்றே குறை. ஐயம் வந்தால் இதுவே பாதுகாப்பான சொல். ஆனால் நாட்டவரை நாட்டார் ஆக்கிவிடாதீர்கள். அயல்நாட்டார் என்ற பழைய வழக்கு உண்டு என்றாலும், இன்று நாட்டார் என்றவுடன் நாட்டார் பாடல், நாட்டார் வழக்காறு என்ற பொருள்தான் முந்திக்கொண்டு வருகிறது.

இனி காரர். பிரான்ஸர் என்றோ பிரான்சியர் என்றோ ஆக்க முடியாததால் பிரெஞ்சுக்காரர் வரவில்லை. நாட்டுப் பெயருக்கு முன்பே மொழி அல்லது இனத்தின் பெயர் நம்மிடம் வேரூன்றிவிட்ட இடங்களில் அந்தப் பெயரோடு காரர் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர், மலாய்க்காரர் எல்லாம் அப்படி வந்தவை. எழுதும்போது ஒற்றெழுத்தைக் கவனியுங்கள். உகரத்துக்குப் பின்னும் யகர, ரகர மெய்க்குப் பின்னும் ககரம் இரட்டிக்கும்: டச்சுக்காரர், மலாய்க்காரர், சிங்கப்பூர்க்காரர். னகர மெய்க்குப் பின் இரட்டிக்காது: ஜப்பான்காரர், ஜெர்மன்காரர். ஜப்பான்க்காரர் என்று எழுதினால் வாயில் வராது.

காரருக்கு இன்னொரு குணமும் உண்டு. அது குடியுரிமையைக் காட்டுவதில்லை, தொடர்பைத்தான் காட்டுகிறது. பால்காரர் பாலோடு தொடர்புள்ளவர். அதுபோல, துபாய்க்காரர் வீடு, சிங்கப்பூர்க்காரர் வீடு என்று தமிழ்ச் சிற்றூரில் ஒருவர் சொன்னால், அங்கே போய்ச் சம்பாதித்து வந்த அந்த ஊர்த் தமிழரின் வீடு என்றே பொருள். அவரிடம் துபாய்க் குடியுரிமை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே குடியுரிமை முக்கியமாகும் எந்த இடத்திலும், வழக்கு, விசா, தேர்தல், விளையாட்டு அணி போன்றவற்றில், நாட்டுப் பெயரோடு காரர் போடாதீர்கள்.

பேச்சில் இதே ஒட்டு காரன் என்று ஒருமையாகி ஒரு நாட்டையே சுமக்கும். ஜப்பான்காரன் கண்டுபிடிச்சான், வெள்ளைக்காரன் கட்டின பாலம் என்கிறோம். அங்கே ஒரு ஆள் குறிக்கப்படவில்லை, மொத்த நாடும் ஓர் ஆண்மகனாக நிற்கிறது. சில வேளை அதில் வியப்பும் பாராட்டும்கூட இருக்கும். எழுத்துக்கு வந்தால் அந்தத் தொனி காணாமல் போய் மரியாதைக் குறைவு மட்டும் மிஞ்சும். ஜப்பானியர் கண்டுபிடித்தனர் என்று மாற்றிவிடுவதே சரி.

அடுத்தது எண். அர் என்பது அடிப்படையில் பலர்பால் விகுதி. மரியாதைக்காக ஒருவருக்கும் அதையே வைத்துவிட்டோம். விளைவு என்னவென்றால், இந்தியர் என்ற சொல் ஒருவரா பலரா என்பதை வினைதான் சொல்ல வேண்டும். இந்தியர் வென்றார் என்றால் ஒருவர், இந்தியர் வென்றனர் என்றால் பலர். தலைப்புகளில் வினையே இருக்காது. ஓட்டப் பந்தயத்தில் கென்யர் முதலிடம், விமான நிலையத்தில் இந்தியர் கைது என்று போட்டால் எத்தனை பேர் என்று வாசகர் தவிப்பார். ஒருவர் என்றால் இந்தியர் ஒருவர் கைது. பலர் என்றால் இந்தியர்கள் கைது. எண்ணிக்கை தெரிந்தால் இந்தியர் மூவர் கைது. அர்கள் இரட்டைப் பன்மை, வேண்டாம் என்று சில இலக்கண ஆசிரியர்கள் சொல்வார்கள். இன்றைய உரைநடையில் அந்தக் கள் உண்மையான வேலை செய்கிறது, தாராளமாக எழுதுங்கள்.

பெண்ணைக் குறிக்கத் தனி வடிவம் தமிழச்சி போன்ற ஒன்றிரண்டுக்கே உண்டு. நாட்டுப் பெயர்களில் அந்த வடிவம் உருவாகவில்லை. ஜப்பானியர் என்ற சொல்லே இருபாலுக்கும் போதும். பெண் என்று சொல்லியே ஆக வேண்டும் என்றால் ஜப்பானியப் பெண், இந்தியப் பெண். இங்கே பகரம் மிகும் என்பதைக் கவனியுங்கள். இந்திய, சீன, ஜப்பானிய என்று அகரத்தில் முடியும் பெயரடைக்குப் பின் வல்லினம் மிகும்: சீனத் தூதர், அமெரிக்கக் குடிமகன். ஆனால் ஆளைக் குறிக்கும் அர் வடிவத்துக்குப் பின் மிகாது: இந்தியர் கடை, சீனர் கோயில். இந்தியர்க் கடை என்று எழுதுவது அடிக்கடி கண்ணில் படும் பிழை.

நேபாளி, வங்காளி, பாகிஸ்தானி என்று இகரத்தில் முடிபவை நமக்கு வடக்கிலிருந்து வந்த வடிவங்கள். நேபாளியும் வங்காளியும் தமிழில் பழகிவிட்டன. நேபாளி ஒருவர் வந்தார், நேபாளிகள் வந்தார்கள் என்று வினையில் மரியாதை காட்டிவிடலாம். பாகிஸ்தானி என்பது மட்டும் தமிழில் மொட்டையாக ஒலிக்கிறது. பாகிஸ்தானியர் என்றே எழுதுங்கள்.

இதுவரை சொன்னது வடிவம். இனிமேல்தான் கேள்வியின் உயிர் இருக்கிறது. ஒருவரை ஒரு நாட்டோடு சேர்த்துச் சொல்லும்போது நான்கில் ஒன்றைச் சொல்கிறோம்: அவருடைய குடியுரிமை, இனம், மொழி, அல்லது வெறுமனே வசிக்கும் இடம். பல நாடுகளில் இந்த நான்கும் வேறு வேறு. நம்மிடம் இருக்கும் ஒரே சொல் இரண்டு மூன்றுக்குப் பொதுவாக நிற்கும்போதுதான் குழப்பம்.

மலேசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியர் என்றால் அந்நாட்டுக் குடிமக்கள் எல்லாரும். அவர்களில் மலாய்க்காரர் உண்டு, சீனர் உண்டு, இந்தியர் உண்டு, சபா சரவாக்கின் பூர்வகுடிகள் உண்டு. மலாய்க்காரர் என்பது ஓர் இனம். மலேசிய அரசியலமைப்பின் 160ஆம் பிரிவு அதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. இஸ்லாத்தைப் பின்பற்றி, மலாய் பேசி, மலாய் வழக்கங்களைக் கடைப்பிடிப்பவர் என்பது அதன் சாரம். ஆகவே கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழர் மலேசியர், மலாய்க்காரர் அல்லர். சிங்கப்பூரின் மலாய்க்காரர் மலாய்க்காரர்தான். 1965இல் அந்நாடு பிரிந்தபின் அவர் மலேசியர் அல்லர். இரண்டு சொல்லையும் மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் புண்படும்.

இந்தியர் என்ற சொல்லுக்கும் அங்கே வேறு பொருள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது பெரும்பாலும் இனப் பெயர். சாலை விபத்தில் இந்தியர் இருவர் காயம் என்ற வரியைச் சென்னையில் படிப்பவர், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் என்று நினைப்பார். சிங்கப்பூரில் படிப்பவர், மூன்று தலைமுறையாக அங்கேயே வாழும் குடும்பத்தினராகவும் இருக்கலாம் என்று நினைப்பார். இரண்டு வாசகர்களுக்கும் பொதுவாக எழுதுவதென்றால் இந்திய நாட்டவர் இருவர் என்றோ, இந்திய வம்சாவளிச் சிங்கப்பூரர் இருவர் என்றோ பிரித்தே எழுத வேண்டும். குடியுரிமை பெறாமல் நிலையாகத் தங்கும் உரிமை மட்டும் பெற்றவருக்கு அங்கே நிரந்தரவாசி என்ற நல்ல சொல் வழக்கில் உள்ளது. வசிப்பிடத்தை மட்டும் சொல்லும் வாசி என்ற ஒட்டு அந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. லண்டன்வாசி, நகரவாசி என்று ஊர்களுக்கும் அது நன்றாகவே சேரும். நாட்டுப் பெயரோடு அவ்வளவாக ஒட்டாது.

வசிப்பிடமும் குடியுரிமையும் எவ்வளவு விலகி நிற்க முடியும் என்பதற்கு ஐக்கிய அரபு அமீரகம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டவர். ஆகவே அமீரகத்தவர் என்ற சொல்லைக் குடிமக்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களை அமீரகத்தில் வசிப்போர் என்று சொல்வதே தெளிவு.

இலங்கையில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. இலங்கையர் என்பது குடியுரிமை. சிங்களவர் என்பது இனம். இலங்கையரைச் சிங்களவர் என்று எழுதினால் தமிழரும் முஸ்லிம்களும் ஐரோப்பிய வழிவந்த பறங்கியரும் மலாயரும் அந்த நாட்டிலிருந்தே அழிக்கப்பட்டுவிடுவார்கள். 1972இல் நாட்டின் ஆங்கிலப் பெயர் மாறியபோது குடிமக்களின் ஆங்கிலப் பெயரும் மாறியது. தமிழில் இலங்கையும் இலங்கையரும் அப்படியே நிற்கின்றன.

அங்கே இந்தியத் தமிழர் என்ற சொல் குடியுரிமையைச் சொல்வதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் தோட்ட வேலைக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடிசன மதிப்பீட்டில் வழங்கிவந்த இனப் பெயர் அது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரின் கதி பத்தாண்டு கழித்தே பேசப்பட்டது. மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தது. இவ்வளவுக்கும் பிறகு, தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்து இலங்கைக் குடியுரிமை பெற்ற ஒருவரை வெறுமனே இந்தியர் என்று எழுதுவது பிழை மட்டுமல்ல, கொடுமை. மலையகத் தமிழர் என்பதே அவர்கள் தங்களுக்கு உரிமையோடு வைத்துக்கொண்ட பெயர். அதை எழுதுங்கள்.

வங்கதேசத்தவர், வங்காளி விஷயமும் இதே வகை. வங்காளி என்றால் வங்கமொழி பேசுபவர். கொல்கத்தாவிலும் இருப்பார், டாக்காவிலும் இருப்பார். வங்கதேச அரசியலமைப்பில் 2011ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டையும் பிரித்தே சொன்னது: மக்கள் தேசிய இனமாக வங்காளிகள், குடிமக்களாக வங்கதேசத்தவர். கைதானவர் வங்காளி என்று ஒரு செய்தி சொன்னால் அவர் இந்தியரா அயல்நாட்டவரா என்பது தெரியாது. அந்த ஒரு சொல்லால் மேற்கு வங்கத் தொழிலாளி ஒருவர் சந்தேக வளையத்துக்குள் போய்விடக்கூடும்.

ஸ்தான் என்று முடியும் நாடுகளுக்கு ஒரு நல்ல கைப்பிடி உண்டு. ஸ்தான் என்றால் இடம். அதைக் கழற்றினால் பெரும்பாலும் இனப் பெயர் மிஞ்சும். கழற்றாமல் விட்டால் குடியுரிமை. கசாக் இனத்தவர் வேறு, கசகஸ்தான் நாட்டவர் வேறு. அந்நாட்டில் ரஷ்ய இனத்தவரும் கணிசமாக இருக்கிறார்கள். உஸ்பெக்கிஸ்தானுக்கும் அதே. ஆப்கானியர் மட்டும் ஸ்தான் இல்லாமலே குடிமக்கள் அனைவருக்கும் வழங்குகிறது. பாகிஸ்தானில் கழற்றவே முடியாது. அது 1933இல் பகுதிப் பெயர்களின் எழுத்துகளைக் கோத்து உருவாக்கிய பெயர். பாக் என்றொரு இனம் கிடையாது.

ஆங்கிலேயர் என்ற சொல்லில் நமக்கு நீண்ட காலப் பழக்கம். இந்தியாவை ஆண்டவர்கள் எல்லாரையும் அப்படியே சொல்லிவிடுகிறோம். வரலாற்று நடையில் அது நிலைத்துவிட்டது, மாற்றச் சொல்லவில்லை. ஆனால் இன்றைய ஸ்காட்லாந்துக்காரரையோ வேல்ஸ்காரரையோ ஆங்கிலேயர் என்று எழுதக் கூடாது. குடியுரிமையைச் சொல்வதானால் பிரிட்டிஷ் நாட்டவர். ஈழத் தமிழ் வழக்கில் பிரித்தானியர். இரண்டும் சரி. கனடியர், கனேடியர் என்பதும் இப்படித்தான். ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். டச்சுக்காரரை இலங்கைத் தமிழில் ஒல்லாந்தர் என்பார்கள். பழைய ஆவணம் படிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் எழுத்தில் காலம் மாறும் இணைகளும் உண்டு. இஸ்ரவேலர் விவிலியத்தில் வரும் பழங்குலத்தார். இஸ்ரேலியர் 1948இல் உருவான நாட்டின் குடிமக்கள். இஸ்ரேலியர் எல்லாரும் யூதர் அல்லர், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அரபியர். யூதர் எல்லாரும் இஸ்ரேலியரும் அல்லர். ரோமானியர் பழைய ரோமப் பேரரசின் மக்கள், ருமேனியர் ருமேனியாவின் மக்கள். கிழக்கு ஐரோப்பியக் கால்பந்து வீரரை ரோமானியர் என்று எழுதினால் இரண்டாயிரம் ஆண்டு பின்னால் அனுப்பிவிடுகிறோம். நைஜீரியர் என்பது நைஜீரியாவுக்கே உரியது. பக்கத்திலிருக்கும் நைஜர் நாட்டுக்கு நைஜர் நாட்டவர் என்று முழுதாக எழுதுங்கள். காங்கோ இரண்டு நாடுகள் என்பதால் காங்கோவினர் என்று மட்டும் சொன்னால் போதாது. கின்ஷாசாவா பிராசவில்லா என்று தலைநகரையாவது சேர்க்க வேண்டும்.

மியான்மருக்கு அர் சேர்க்க இடமில்லாததால் மியான்மர் நாட்டவர். பர்மியர் என்ற பழைய சொல்லை, பர்மா என்ற பெயர் மாறிய 1989க்கு முந்தைய காலத்தைப் பற்றி எழுதும்போது தயங்காமல் வைக்கலாம். இன்றைய நாட்டைப் பற்றி எழுதும்போது, அங்கே ஷான், கரேன், ரோஹிங்கியா எனப் பல இனங்கள் இருப்பதை நினைவில் வைத்து நாட்டவர் என்பதே மேல்.

செவ்விந்தியர் என்ற சொல் பள்ளிப் பாடங்களிலிருந்து நம் நாவில் ஒட்டியது. 1492இல் கொலம்பஸ் இந்தியாவை அடைந்ததாக எண்ணி வைத்த தவறான பெயரும், தோலின் நிறமும் சேர்ந்தது அது. அமெரிக்கப் பூர்வகுடிகள் என்று எழுதுங்கள். தெரிந்தால் நவாஹோ, செரோக்கீ என்று அவரவர் குடிப் பெயரையே சொல்லுங்கள். அதே காரணத்தால், ஒருவர் கென்யர் என்று தெரிந்திருக்கும்போது ஆப்பிரிக்கர் என்று எழுதாதீர்கள். ஆப்பிரிக்கா ஒரு கண்டம்.

படிவம் நிரப்பும்போது எழும் ஐயத்தையும் சேர்த்தே தீர்த்துவிடலாம். குடியுரிமை எந்த நாடு என்று கேட்டால் நாட்டின் பெயர்: இந்தியா. நாட்டினம் அல்லது தேசியம் என்று கேட்டால் ஆளின் பெயர்: இந்தியர். இனம் என்று கேட்டால் அது வேறு கேள்வி. இலங்கை, சிங்கப்பூர், மலேசியப் படிவங்களில் அதற்கு விடை தமிழர் அல்லது இந்தியர் போன்ற இனப் பெயர்தான், குடியுரிமை அல்ல. வசிக்கும் நாடு என்ற கட்டத்தில் இப்போது குடியிருக்கும் நாட்டை எழுதுங்கள், கடவுச்சீட்டு எந்த நாட்டுடையதாக இருந்தாலும். இந்தியக் கடவுச்சீட்டோடு வெளியே வாழ்பவர் வெளிநாடுவாழ் இந்தியர். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் இந்திய வம்சாவளியினர்; அவரைப் பற்றி எழுதும்போது, இந்தியர் அமெரிக்காவில் அமைச்சரானார் என்று போடுவது தவறு. அமைச்சரானவர் அமெரிக்கர்.